மாதம் ஒரு காய்ச்சல்

"மறுபடியும் லீவா? காய்ச்சல்கூட காலண்டர் பார்த்துதான் வருமா உனக்கு?"

தட்சிணாமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருங்களத்தூரில் அவர் நடத்தும் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவள் ஜெயஸ்ரீ. மாதம் தவறாமல் படுத்துவிடுகிறாள்.

"முட்டியெல்லாம் வீங்கிடுது சார்."

"எனக்கும்தான் முப்பது வருஷமா வருது. மாத்திரையைப் போட்டுகினு கல்லாவுல உட்காரலையா?"

அவள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நீட்டினாள். "ஜீன்ல கோளாறாம் சார். உடம்புல வீக்கத்தைக் கிளப்புறது, செல்லைச் சாகச் சொல்றது எல்லாம் அந்த ஜீன் வேலைதானாம். எனக்கு அது காரணமே இல்லாம கிளம்பிடுதாம்."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"அம்மாகிட்டேருந்து வந்திருக்கணும், இல்லைன்னா அப்பாகிட்டேருந்து. அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. அவங்களுக்கு ஒண்ணும் இல்லை."

தட்சிணாமூர்த்தியின் கை, காலையில் தைலம் தேய்த்த தன் முட்டிக்குத் தானாகப் போனது.

ஆணி வாங்க வந்தவர் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு ஜெயஸ்ரீ குரலைத் தாழ்த்தினாள்.

"கடைக்குள்ள சார்னுதான் கூப்பிடணும்னு முதல் நாளே கண்டிஷனா சொல்லிட்டீங்க. இன்னைக்கு மட்டும் கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்களும் லீவு போட்டுட்டு டெஸ்ட்டுக்கு வாங்கப்பா."