நரியை அழைக்கும் குரல்

ஆடு தின்னும் நரிகளைச் சுடப் போகும்போது பாயிஸுக்கு மகள் பஸ்மினாதான் துணை. நற்பிட்டிமுனை வயல் வரம்பில் குந்தியிருந்து ஆட்டுக்குட்டிபோலக் கத்துவாள். நரிகள் கிட்ட வந்ததும், "சுடுங்க வாப்பா" என்பாள். போன மாதம் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள்.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து பாயிஸ் தானே கத்திப் பார்த்தான். பற்றைக்குள் கிடந்த நரிகள் அசையவில்லை. அப்போது பஸ்மினாவை அடக்கிய தூரத்து மையவாடிப் பக்கம் ஒரு குட்டி கத்தியது. நரிகள் எழும்பி அங்கே ஓடின.

"நம்மட குட்டியெல்லாம் பட்டியிலதானே?" என்று கூட வந்திருந்த மனைவி நதீராவிடம் கேட்டான்.

"ஓம், அடைச்சிட்டுத்தான் வந்தன்" என்றவள் வரம்பில் குந்திவிட்டாள்.

நரிகள் மையவாடி வேலிக்குள் நுழைந்தபோது, "சுடுங்க வாப்பா" என்று அங்கிருந்து குரல் கேட்டது.

பாயிஸ் துவக்கை உயர்த்தினான். அந்தச் சின்னத் துவக்கின் குண்டு அவ்வளவு தூரம் போகாது.