தம்பி என்னும் கோடு

உறவுப் பதிவகத்தின் திரையில் மூன்று பெயர்கள், அவற்றை இணைக்கும் உறவுக் கோடுகள் வழியே ஒன்றையொன்று துரத்திச் சுழன்றுகொண்டிருந்தன. கோதை, அவள் கணவன் சிங்காரவேலன், அவள் தாய் செண்பகவடிவு. கோதை முறைப்படி மணந்தது தாயின் உடன்பிறந்த தம்பியை. மென்பொருளோ கணவனிலிருந்து அவன் அக்காவுக்கும், அக்காவிலிருந்து மகளுக்கும், மகளிலிருந்து மறுபடி கணவனுக்குமாக ஓடிக் களைத்தது. உறுப்பு கொடுப்பவரின் உறவு பதிவகத்தில் உறுதியாகாமல் அறுவை அரங்கின் கதவு திறக்காது. கணவனின் ஈரலில் ஒரு துண்டு கிடைக்காவிட்டால் கோதை இன்று பிழைக்கமாட்டாள்.

பதிவகப் பொறியாளர் பர்வீன், மருத்துவமனையில் காத்திருந்த செண்பகவடிவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, ஒரு உறவை அழிச்சாத்தான் இந்தச் சுத்தல் நிக்கும். கணவன் மனைவிங்கிறதை அழிச்சா ஆபரேஷனே கிடையாது. மிச்ச ரெண்டும் உங்களோடது. மகளா, தம்பியா?"

"அப்புறம் சேர்த்துக்கலாம்ல?"

"முடியாதும்மா. அழிச்சதைப் பதிவகம் திரும்ப ஏத்துக்காது."



"அவனை இடுப்புல வச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போனவ நான். பரவாயில்ல, தம்பியை எடுத்துரு கண்ணு. அவளுக்காக ஈரலையே குடுக்கிறவன், இதுக்கா கோவிச்சுக்கப் போறான்?"

பர்வீன் அந்தக் கோட்டை அழித்தாள். சுழற்சி நின்றது. அரங்கின் கதவு திறந்தது.

பத்து மணி நேரம் பர்வீனும் செண்பகவடிவும் தொலைபேசியை வைக்கவில்லை. பிறகு மருத்துவமனையில் அறிவிப்பு ஒலித்தது: "இருவரும் நலம். சிங்காரவேலனின் மாமியார் உள்ளே வரலாம்."

"யாரைக் கூப்பிடுறாங்க?" என்றாள் செண்பகவடிவு. பிறகு, "என்னைத்தான்" என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.