போனில் இடமில்லை

"வயக்காட்டுல டவர் கெடைக்காட்டியும் ஆப் ஓடும்ங்கய்யா. வெப்சைட் ஓடாது," என்றாள் வெற்றிச்செல்வி. அவள் மூன்று மாதம் உழைத்துச் செய்த ஆப்பை ஏற்பதும் தள்ளுவதும் குரும்பலூர் வெங்காய விவசாயிகள் சங்கத் தலைவர் இளையபெருமாள் கையில் இருந்தது.

"வெப்சைட்டே போதும்மா. ஆப் ஏத்த என் போன்ல இடமில்ல."

"இதுக்கா இவ்வளவு நேரம் ஆப் வேண்டாம்னீங்க? வேண்டாதத அழிச்சா இடம் வந்துடும். குடுங்க."

பொறுமையிழந்து போனை வாங்கிப் பார்த்தாள். ஒரே எண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான குரல் பதிவுகள். ஒன்றைத் தட்டினாள்.

"ஏங்க, மழை வருது. வெங்காயத்த மூடுங்க!"

வெற்றிச்செல்வி சிரித்துவிட்டாள். "வெளியில வெயில் கொளுத்துது, இத வச்சு என்ன பண்றீங்க? எல்லாத்தையும் அழிச்சிடறேன். உங்க வீட்டம்மாதான் தினமும் புதுசு அனுப்புவாங்களே!"

"அவ போய்ச் சேந்து எட்டு மாசமாச்சும்மா."

அழிக்கப் போன விரலை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"வெப்சைட்டே போதுங்கய்யா."