பச்சை ஒயர்

ஒத்தக்கடையில் முனீஸ்வரி கட்டிய புதுவீட்டின் மெயின் பெட்டியைத் திறந்ததும் எலக்ட்ரீசியன் யாசீன் மூக்கைப் பொத்திக்கொண்டான். செம்புக் கம்பியெல்லாம் பச்சை பிடித்துச் சளி போல வழிந்தது. மெயினை நிறுத்திவிட்டுத் துடைத்தான். மறுபடி ஊறியது, வெதுவெதுப்பாக.

"இந்த ஒரு ஒயர் வழியாத்தான் இம்புட்டும் வருதுக்கா. எந்த ரூமுக்குப் போகுது?"

முனீஸ்வரியிடம் கேட்டுக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தான். ஒயர் வெளிச்சுவருக்குள் போனது. சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் கருவேலங்காடு. யாசீன் அதை மட்டும் கழற்றிவிட்டு மெயினைப் போட்டான். ஃபேன் சுற்றியது.

சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "யக்கா, எங்களுக்கு மட்டும் இன்னும் கரண்ட் வரலையே."

"இரும்மா, இப்ப வந்துரும்" என்றாள் முனீஸ்வரி சுவரைப் பார்த்து. பிறகு அவனிடம், "அதையும் மாட்டிரு தம்பி."

யாசீன் மெயினை அணைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒயரை எடுத்தான். யாருடைய நாக்கையோ பிடித்ததுபோல அது விரலுக்குள் வழுக்கியது.