பலகை இல்லாத தெருக்கள்

“நாலு தெரு தாண்டி வர்றதுக்கு ஒண்ணேகால் மணி நேரமாங்க?”

அவள் கேட்டதும் ஆம்புலன்ஸ் டிரைவர் தலைகுனிந்தார். ஆஸ்பத்திரி நிலவறையின் தாழ்வாரம் முழுக்கக் காயம்பட்டவர்கள். அவளுடைய தம்பியை அப்போதுதான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். காலையில் விழுந்த குண்டின் சிதறல் அவன் முழங்காலுக்குக் கீழே பாய்ந்திருந்தது. கால் தங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

டிரைவர் வெளியூர்க்காரர். எதிரிகள் நகரத்தை வளைப்பதற்கு முந்தின நாள் நிவாரண வண்டிகளோடு வந்தவர். தெருமுனையில் ஒரு பெயர்ப் பலகை இல்லை, வாசலில் எண்கூட இல்லை, கேட்கலாம் என்றால் ஈ காக்கை இல்லை என்றார். ஒரே தெருமுக்கை மூன்று முறை சுற்றினாராம்.

“எதிரிக்கு வழி தெரியக் கூடாதுன்னு யாரோ கழட்டியிருக்காங்கம்மா.”

“எதிரிக்கு மட்டுமா தெரியாமப் போச்சு? கழட்டின ஜென்மத்துக்கு மண்டைல மூளைன்னு ஒண்ணு இருந்தா, உங்களுக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கும்.”

கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸும் சேர்ந்துகொண்டாள். ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களுக்குக் கைதட்டல் மட்டும்தான் காதில் விழும் என்றாள். இவள் பலமாகத் தலையாட்டினாள்.

டிரைவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. நேற்று எதிரியின் இரண்டு டாங்கிகள் அதே சந்துகளில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றதால்தான் நம் ஆட்களால் மடக்க முடிந்தது, இந்த ஆஸ்பத்திரி தப்பியதும் அதனால்தான் என்றார். “அந்த ஆளைப் பார்த்தா நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.”

“கும்பிடாதீங்க.” நர்ஸின் வசவைவிட அந்தப் புகழ்ச்சிதான் அவளை அதிகமாகச் சுட்டது. “என் தம்பி காலுக்கு அந்த ஆள்தான் பதில் சொல்லணும்.”

டாக்டர் வெளியே வந்தார். ரத்த ஓட்டம் நின்று ரொம்ப நேரமாகிவிட்டது, முழங்காலோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிச் சம்மதப் படிவத்தை நீட்டினார்.

அவள் பேனாவைப் பிடித்தாள். மூன்று நாட்கள் தெருத் தெருவாக ஏணி போட்டு ஏறி, பலகைகளைத் திருகிக் கழற்றியதில் கொப்புளம் கண்டிருந்த உள்ளங்கை எரிந்தது.