பால் பொங்கிய நேரம்

எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்ட சனிக்கிழமை மத்தியானத்தில், பார்வையற்ற டொறின் மட்டும் விடுதிக் கட்டிலில் போனைக் காதோடு வைத்தபடி இருக்கிறாள். போன மாதம் கலியாணமாகிப் பிரான்சுக்குப் போன தோழி ஜெயரூபி, போவதற்கு முன் தன் உருத்திரபுரத்து வீட்டிலிருந்து இவளுடைய சோதனைக்காக வாசித்துப் பதிந்துகொடுத்த வரலாற்றுப் பாடம் ஓடுகிறது. நடுவில் வாசிப்பு நிற்கிறது. “ஐயோ பொறடி, அடுப்பில பால்! இந்தா வாறன்.” ஓடுகிற காலடி, மூடி விழுகிற சத்தம், பிறகு குசினிப் பக்கத்துக் காகம் மட்டும். விரலால் ஒருமுறை தட்டினால் இதைத் தாண்டிவிடலாம். டொறின் தட்டுவதில்லை. யன்னல் வெயில் முழங்காலில் ஏற, முகத்தை நிமிர்த்திக் காத்திருக்கிறாள். மூன்று நிமிடம் கழித்துச் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. “வந்திட்டன். எங்க விட்டனான்?” “கண்டி ராசா பிடிபட்ட இடத்திலயடி” என்று டொறின் உரத்துச் சொல்கிறாள்.