எண்ணெய் வைக்காமல் வாரும்

"எண்ணெய் வைக்காமல் இஞ்ச வாரும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லே?"

"மறந்துபோனன்."

போன வெள்ளிக்கிழமை நடந்த இந்தப் பேச்சு, பம்பலப்பிட்டி அலுவலகத்தில் கம்பிகள் தொங்கும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற பிரசாந்துக்கு நினைவு வந்தது. எதிரே நாற்காலியில் அவன் மனைவி ரூபிகா. இன்றும் அவள் வகிட்டில் எண்ணெய் மினுங்கியது.

கைபேசிச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் வாயால் "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் எங்கே குழம்புகிறார்கள், எங்கே சலித்துப்போகிறார்கள் என்பதை மூளையின் அலைகளைக் கொண்டு அளப்பது பிரசாந்தின் வேலை. தலையில் எண்ணெய் இருந்தால் தொப்பி அந்த அலைகளைப் பிடிக்காது.

ஒரே ஆளை மூன்று தரம் அளக்க வேண்டும். வருவதாகச் சொன்னவர் கைவிட்டதால், வெள்ளவத்தை வீட்டிலிருந்து மனைவியையே கூப்பிட்டிருந்தான். கடைசி அளவீடு இன்று ஐந்து மணிக்குள் செயலிக்காரர்களுக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், அதோடு அவன் வேலையும். இப்போது மணி நாலேகால்.

துணியை வெந்நீரில் நனைத்து, மயிரைப் பிரித்துப் பிரித்து அவள் தலையைத் துடைத்தான். ரூபிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, போயிட்டுது."

"பின்பக்கம் இன்னும் இருக்கு."

போன இரண்டு தரமும் இதையேதான் சொன்னாள். துடைத்துப் பார்த்தான். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

தொப்பியை மாட்டினான். திரையில் கோடுகள் தாறுமாறாக ஆடின. வேறெங்கோ எண்ணெய் மிச்சம் என்று மறுபடி துணியை எடுக்கத் திரும்பியபோது கைபட்டு அவள் கைப்பை சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தில் உருண்டு வந்தது. அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையின் விலைச்சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை.

"இஞ்ச வந்துதான் பூசினனீரா? வேணுமெண்டே?" அவன் போத்திலைத் தூக்கிக் காட்டினான். "பிள்ளை தங்கேல்லை எண்டு டொக்டர் சொன்ன நாளிலயிருந்து ரெண்டுபேரும் ஒழுங்காக் கதைக்கிறேல்லை. இப்ப என்ரை வேலையையும் இல்லாமல் ஆக்கப்போறீரா? என்னதான் வேணும் உமக்கு? அதையாவது வாயைத் திறந்து சொல்லும்!"

ரூபிகா தொப்பியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். ஆறு மாதமாகத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததை இப்போதுதான் சொன்னாள்.

"எண்ணெய் இருந்தாத்தானே என்ரை தலையைத் தொடுறியள். எண்ணெய் இல்லாமலும் ஒருக்காத் தொடுங்கோவன்."